வீடியோ பத்து வழியே வெந்நீர்

எமரன்சியா மச்சாது லேப்டாப்புக்குள் ரசத்தை ஊற்றிய அந்தச் செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியில் வழக்கம்போல வெயில் அடித்தது, வழக்கம்போலக் கருவாட்டு வாடை அடித்தது, வழக்கம்போல மரியாலயா ஃப்ளாட்ஸின் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றாமல் பாதியில் நின்று முனகியது; இதையெல்லாம் முதலிலேயே சொல்லி வைப்பது எதற்கென்றால், பின்னால் இந்தக் கதையைக் காதில் வாங்கியவர்கள் அன்றைக்கு வானத்தில் வால்வெள்ளி தெரிந்தது, கெபியில் மாதா சொரூபம் கண் திறந்தது என்று இஷ்டத்துக்கு அளந்துவிடுகிறார்கள். ஒரு வெள்ளியும் தெரியவில்லை. மாதா கண் திறக்கவில்லை. திறந்தது வேறு கண்.

எமரன்சியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது; மச்சாது என்பது குடும்பப் பெயர். கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் பெர்ட்டில்லா டிக்டேஷன் சொன்னால் ஒரு எழுத்து, ஒரு காற்புள்ளி பிசகாமல் எழுதி முடித்து அடுத்த வரிக்காகப் பேனாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். சொன்னதை உடனே செய்யாதவர்கள், சொல்ல வந்ததைச் சுற்றி வளைத்துச் சொல்கிறவர்கள், லிப்ட் பொத்தானை இரண்டு தடவை அமுக்குகிறவர்கள், இந்த மூன்று சாதியும் அவளுக்கு ஆகாது. அவள் புருஷன் கஸ்பார் கப்பலில் கயிறும் நங்கூரமும் பார்த்து முப்பது வருஷம் கழித்துக் கரையேறியவர். இந்த வாயைத் தாங்கப் பழகட்டும் என்றுதான் ஆண்டவர் தன்னை அத்தனை புயலுக்குள் அனுப்பினார் என்பது அவருடைய விசுவாசம். இருவருக்கும் ஒரே மகள், அவிலா. அவள் கம்ப்யூட்டர் வேலையாகப் போய் மாப்பிள்ளை டெனிஸோடு குடியிருந்த ஊர், பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஊர். பனி விழும், பொழுது விடியாது, மீனைப் பச்சையாகத் தின்பார்கள். அங்கே அவிலாவுக்கு ஏழு மாசம். உள்ளே போவதெல்லாம் அதே வழியில் வெளியே வந்துகொண்டிருந்தது.

எமரன்சியாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. பிள்ளை பெற்ற ஏழாம் நாள் மகளுக்குத் தன் கையால் தலைக்கு ஊற்ற வேண்டும். நொச்சியும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதித்த வெந்நீரை, உடம்பு நோவெல்லாம் கழன்று விழுகிற சூட்டில், உச்சியிலிருந்து இடுப்பு வரைக்கும் செம்பு செம்பாக ஊற்ற வேண்டும். அதை வேறு யாரும் செய்யலாம் என்று சொல்கிறவர்களோடு அவள் பேசுவதில்லை. அதற்காக இரண்டு தடவை விசா கேட்டாள். இரண்டு தடவையும் இல்லையென்று காகிதம் வந்தது. திரும்பி வருவதற்குப் போதுமான காரணம் காட்டவில்லை என்று அதில் போட்டிருந்தது.

“போதுமான காரணம் இல்லையாம்,” என்றாள் எமரன்சியா. “அஞ்சு வருஷமா ஒரு காரணம் நாற்காலிய விட்டு எந்திரிக்காம பேப்பர் படிச்சிட்டிருக்கு. அது அவனுவளுக்குக் கண்ணுக்குத் தெரியல.”

கஸ்பார் பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, “காரணத்துக்கு ஒரு காப்பி கிடைக்குமா?” என்றார்.

இனி லேப்டாப்புக்கு வருவோம். அது அவிலா படிக்கிற காலத்தில் வைத்திருந்தது. உப்புக் காற்று புகுந்து அதன் கேமரா கருத்துப்போய்விட்டது. மகள் முகம் இங்கே தெரியும், பேச்சு கேட்கும், இங்கிருந்து போகிற படம் மட்டும் ஒரே கருப்பு. போனில் பேசலாமே என்றால், போனுக்குக் கண் நன்றாக இருந்தது, காது போய் ஒரு வருஷம். ஒன்று குருடு, ஒன்று செவிடு. “ரெண்டையும் ஒரு வயர்ல கட்டிப்போட்டா ஒரு முழு ஆள் ஆயிடும்மா,” என்று அவிலா கண்டுபிடித்தாள். போன் பார்ப்பதை லேப்டாப்புக்குள் கொண்டுவர லேப்டாப்பில் ஒரு பொய்க் கேமரா உண்டாக்க வேண்டும், அதைக் கையால் செய்ய முடியாது, கருப்புத் திரையில் கட்டளை எழுதித்தான் செய்ய வேண்டும் என்றாள்.

எமரன்சியா தன் சமையல் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இறால் பொரியலுக்கும் மாசிச் சம்பலுக்கும் நடுவில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. அவிலா சொல்லத் தொடங்கினாள்.

“மாட்ப்ரோப். ஒரு இடைவெளி. வி, நாலு, எல், ரெண்டு, லூப்பேக், சேர்த்து எழுது. இடைவெளி. வீடியோ, அடிக்கோடு, என், ஆர், ஈக்வல் டு, பத்து.”

எழுதினாள், தட்டினாள். அனுமதியில்லை என்றது மிஷின்.

“இவனும் அந்த விசா ஆபீஸ்ல வேலை பாத்தவனாடி?”

“அம்மா, முன்னால சூடோன்னு போடணும். சூடோ போட்டாத்தான் அதிகாரத்தோட சொல்லுதோம்னு அர்த்தம்.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த விண்ணப்பத்துலயும் போட்டிருப்பேனே.”

சூடோ போட்டு ஒரு தட்டு. கேட்காமல், முனகாமல், அந்தக் குருட்டு லேப்டாப்பில் ஒரு கேமரா முளைத்தது. என்னென்ன கேமரா இருக்கிறது என்று கேட்கும் கட்டளையைப் போட்டால், வீடியோ சைபர் என்று செத்தது ஒன்றும், வீடியோ பத்து என்று பிறந்தது ஒன்றும் வரிசையாகச் சொன்னது. பெயர் என்ன வைக்கலாம் என்று அவிலா கேட்டாள். அடுப்படி என்று வைத்தாள் எமரன்சியா. திரையின் ஓரத்தில் ‘அடுப்படி’ என்ற பெயரோடு ஒரு கருப்புக் கட்டம் திறந்துகொண்டு, காலியாக, பசியோடு நின்றது.

“இது நெசக் கேமரா இல்லம்மா. இதுக்குன்னு பார்வை கிடையாது. குழாய் மாதிரின்னு வச்சுக்கோ. இந்தப் பக்கம் நீ எத ஊத்துதியோ அது அந்தப் பக்கம் வரும்.”

அந்நேரம் அடுப்பில் ரசம் நுரை கட்டியது. எமரன்சியா எழுந்து போய் இறக்கி, பிடிதுணியோடு பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டே திரைக்கு முன்னால் வந்து நின்றாள். அவிலாவுக்கு அடுத்து ஒரு நீளக் கட்டளை சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் குமட்டல் வந்து போனது. வாயைத் துடைத்துக்கொண்டு, “ம், இப்போ ஊத்தும்மா,” என்றாள்.

சொன்னதை உடனே செய்து பழகியவள் எமரன்சியா. ஊற்றினாள்.

மிளகு ரசம், அரைப் பாத்திரம், அந்தக் கருப்புக் கட்டத்துக்குள் சாக்கடை வாயில் மழைத்தண்ணீர் இறங்குவதைப் போலச் சுழித்துக்கொண்டு இறங்கியது. விசைப்பலகையில் ஒரு சொட்டு விழவில்லை. அங்கே, விடியாத ஊரில், அவிலாவின் லேப்டாப்பில் அதுவரைக்கும் கருப்பாக இருந்த கட்டத்திலிருந்து ஆவி பறக்க ரசம் வந்தது. அவள் பக்கத்திலிருந்த காப்பிக் கோப்பையை நீட்டிப் பிடித்தாள், நிறைந்தது, குடித்தாள். கறிவேப்பிலையை ஓரமாக எடுத்து வைத்தாள்.

“உப்பு கொஞ்சம் தூக்கல்,” என்றாள்.

“உனக்கு நாக்கு செத்துக் கிடக்கு. குடி.”

குடித்தாள். எமரன்சியா திரையில் மகள் முகத்தையே பார்க்க, இருவரும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். வாந்தி வரவில்லை. ஐந்து வாரத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. எமரன்சியா எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சமையல் நோட்டில் கட்டளைக்குக் கீழே ‘உப்பு குறைக்கவும்’ என்று எழுதிவைத்தாள்.

மறுநாள் இது பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது, ஏனென்றால் கஸ்பார் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கக் கீழே போயிருந்தார். முதலில் வந்தது இரண்டாவது மாடி சண்முகக்கனி. மகன் டொராண்டோவில். கையில் செக்கு நல்லெண்ணெய் அரைச் சட்டி.

“எமரன்ஸு, ஒனக்கு மட்டும் வழி தொறந்திருக்காமே. சனிக்கிழமைக்கு என் பிள்ளை தலையில எண்ணெய் வச்சு ரெண்டு வருஷமாச்சு. மூஞ்சியப் பாரு, கொத்தவரங்கா வத்தல் மாதிரி கிடக்கான்.”

“அக்கா, வழி என் அப்பன் வீட்டுச் சொத்தில்ல. உக்காருங்க. நம்பர் பதினொண்ணு போடுதேன்.”

வீடியோ பதினொன்று பிறந்தது. எண்ணெய் போனது. போன நேரத்தில் அந்தப் பையன் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தான் என்பதும், அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் முகம் காட்டிக்கொண்டிருந்தார்களோ அத்தனை பேர் மடியிலும் ஆளுக்கொரு கரண்டி இளஞ்சூட்டு நல்லெண்ணெய் இறங்கியது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அந்தக் கூட்டத்து மேனேஜர், அவர் எந்த நாட்டுக்காரரோ, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு நல்ல தூக்கம் வந்ததாம். சண்முகக்கனி அடுத்த வாரத்திலிருந்து சட்டியைப் பெரிதாக்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேட்பானேன். எமரன்சியாவின் அடுப்படி வாசலில் காலை பத்து மணிக்கு வரிசை நின்றது. மோர் வந்தது, நண்டு ரசம் வந்தது, அடைப் பிரதமனைப் போல ஏதோ ஒன்று வந்தது, இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் வந்தது. கஸ்டம்ஸில் ரிட்டயர் ஆன வெள்ளைச்சாமி சார், சும்மா இருக்க முடியாமல், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தூக்குவாளியாகத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பார்த்து, “திரவம்தானே? மத்தது எதுவும் கிடையாதுல்ல?” என்று கேட்டு அனுப்பினார். ஃபாதர் இன்னாசி வந்து மந்திரிப்பாரோ, தடுப்பாரோ என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவர் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கட்டத்தை உற்றுப் பார்த்து, இதன் வழியாகத் தண்ணீர் ஊற்றினால் ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று என்னைக் கேட்காதீர்கள், பிஷப்புக்குக் கடிதம் போட்டிருக்கிறேன் என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு, உகாண்டாவில் இருக்கும் தம்பி ஃபாதருக்கு ஒரு தம்ளர் பானகம் ஊற்றிவிட்டுப் போனார்.

எது போகும், எது போகாது என்பதில்தான் தகராறு. பாயசம் போனது. அதில் மிதந்த முந்திரியும் போனது. உப்பு போகவில்லை. ஊரே உப்பளம், மகனுக்கு ஒரு பிடி உப்பு போகாதா என்று ஒருத்தி அழுதாள். அரிசி போகவில்லை. கட்டத்தின் மேல் பட்டு, தரையில் தெறித்தது. இரண்டு நாள் யோசித்த பிறகு எமரன்சியாவுக்குப் பிடிபட்டது.

“உப்ப ஊத்துவோமா, கொட்டுவோமா?”

“கொட்டுவோம்,” என்றது வரிசை.

“அரிசிய?”

“கொட்டுவோம்.”

“பெறகு என்னத்துக்கு வந்து நிக்கிய? அவிலா ‘ஊத்து’ன்னுதான் சொன்னா. மிஷினு சொன்னதத்தான் கேக்கும். ஊத்துறது போகும். கொட்டுறது, உருட்டுறது, பிசையுறது ஒண்ணும் போகாது. வீட்டுக்குப் போங்க.”

இந்தச் சட்டத்தை எல்லாரும் ஒப்புக்கொண்டு, அவரவர் சமையலை அவரவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மூன்றாவது மாடி வைதேகி, மெட்ராஸ்காரி, தட்டில் வெங்காயம் தூவிய ஊத்தப்பம் ஒன்றோடு வந்து நின்றாள். தட்டோடு திரும்பிப் போ என்று வெள்ளைச்சாமி சார் கையைக் காட்டினார். “பேர்லயே இருக்கே சார்,” என்றாள் வைதேகி அமைதியாக. கட்டத்துக்கு நேரே தட்டைச் சாய்த்தாள். முழு ஊத்தப்பம், விளிம்பு முறியாமல், தபால் பெட்டிக்குள் கடிதம் விழுவதைப் போல உள்ளே போனது. வெள்ளைச்சாமி சார் டார்ச்சை அணைத்தார். அன்று சாயங்காலம் பன்னிரண்டு வீட்டிலும் மாவு அரைக்கிற சத்தம் கேட்டது. தூத்துக்குடியில் தோசையைச் சுடுகிறோம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களெல்லாம் அன்றிலிருந்து தோசை ஊத்துகிறோம் என்று வாயை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் தோசையும் போனது.

எமரன்சியா கட்டளைகளில் தேறிவிட்டாள். விட்டுப்போன அந்த நீளக் கட்டளையையும் போட்டு, போன் கண் வழியாகத் தன் முகத்தையும் மகளுக்குக் காட்டினாள். எந்தக் கேமரா யாருடையது என்று பெயர் வைத்தாள், நம்பர் போட்டாள், வரிசை கேட்டுப் பார்த்தாள், வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஐப்பசியில் தெரிந்தது: பதினொன்றைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் பூசைக்குப் போய்விட்டாள், அடுப்படிக் கூரை ஒழுகியது, மழை ஊற்றியது, டொராண்டோவில் சண்முகக்கனி மகன் படுக்கையறையில் முழங்கால் அளவுக்குத் தூத்துக்குடி மழை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. காகிதக் கப்பல் விட்டுப் படம் அனுப்பினான். சில நேரம் அழிக்கப் போனால் முடியாது, பிஸி என்று மிஷின் சொல்லும். அந்தப் பக்கம் இன்னும் குடித்து முடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம் என எமரன்சியா தெரிந்துகொண்டு, தம்ளரை வைக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் காத்திருக்கப் பழகினாள். அவள் காத்திருக்கப் பழகினாள் என்றால் கஸ்பார் உட்பட யாரும் நம்பவில்லை. எட்டுக் கேமராவுக்கு மேல் ஒரே நேரத்தில் தாங்காது என்பதால் எட்டு வீடு ஒரு நாள், நாலு வீடு மறுநாள் என்று முறை வைத்தாள். பத்தாம் நம்பரை மட்டும் அவள் யாருக்கும் விட்டதில்லை.

ஒன்றே ஒன்றுதான் குறை. அங்கிருந்து இங்கே எதுவும் வரவில்லை. அவிலா ஒரு நாள் பனியை அள்ளி உருக்கி, அம்மா பார்க்கட்டும் என்று ஒரு கிண்ணம் நிறைய, தன் லேப்டாப் திரையில் தெரிந்த அம்மா முகத்தின் மேல் ஊற்றினாள். விசைப்பலகையில் மூன்று எழுத்துகள் செத்துப்போயின.

“இது ஆபீஸ் லேப்டாப்பும்மா. இதுல கேமரா உண்டாக்க எனக்கு அனுமதியில்ல. சூடோ குடுக்க மாட்டேங்கான்.”

“இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. எவன்டி இந்த அனுமதிய எல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்கான்?”

“விடும்மா. நீ ஊத்து. நான் ஏந்திக்கிடுதேன்.”

இப்படியாக ரசத்திலும் கஞ்சியிலும் இளநீரிலும் இரண்டு மாசம் போய், அவிலா ஊதி உருண்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஆண் பிள்ளை பெற்றாள். போட்டோ வந்தது. கஸ்பார் மூக்கு. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. அடுத்த வியாழன் ஏழாம் நாள். புதன்கிழமையே எமரன்சியா உப்பாற்று ஓடைப் பக்கம் ஆள் அனுப்பி நொச்சி வரவழைத்தாள், பசுமஞ்சள் இடித்தாள், பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினாள். பிரசவ லேகியத்தையும் ஒரு தடவை முயன்று பார்த்தாள். அது உருட்டுகிற சாமான், கட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, வழித்துக் கஸ்பாருக்குக் கொடுத்தாள்.

வியாழன் காலை. பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அங்கே குளியலறையில் அவிலா ஸ்டூலில் தயாராக உட்கார்ந்திருந்தாள்; டெனிஸ் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரியாதைக்கு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். எமரன்சியா சூடோ போட்டாள், மாட்ப்ரோப் போட்டாள், ஒரு எழுத்து பிசகாமல் போட்டுத் தட்டினாள்.

அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றது மிஷின்.

மறுபடியும் தட்டினாள். கிடையாது. வரிசை கேட்டாள். செத்துப்போன வீடியோ சைபர் மட்டும் தனியாக நின்றது.

எமரன்சியா திரும்பாமலே, “யார் தொட்டது?” என்றாள்.

அடுப்படி வாசலில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். கஸ்பார் தோள் துண்டைப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலம் அதுவா ஒண்ணு கேட்டுச்சு. புதுப்பிக்கட்டுமான்னு. ரொம்ப மரியாதையா கேட்டுச்சு. சரின்னுட்டேன்.”

“முப்பது வருஷத்துல நான் கேட்ட எதுக்காவது சரின்னு சொல்லியிருக்கியளா?”

“நீ மரியாதையா கேட்டதில்லையே,” என்றார் கஸ்பார், மிக மெல்ல.

திரையில் அவிலாவின் முகம் வெளுத்திருந்தது. ஏழு நாள் தூக்கமில்லாத முகம். “அம்மா, பரவால்லம்மா,” என்றாள். “எனக்கு இப்ப யோசிக்க முடியல. டெனிஸ் ஷவர்லயே...”

“ஷவரா?” எமரன்சியாவின் குரல் உயரவில்லை. உயராத அந்தக் குரலுக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். “ஒரு போர்வையச் சுத்திக்கிட்டு அப்படியே உக்காரு. எந்திரிச்ச, நடக்கது வேற.”

பிறகு வாசல் பக்கம் திரும்பி, “இந்தப் பானை ஆறிடும். ஆளுக்கொரு அடுப்புல தண்ணி வைங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு வீட்டுலயும் கொதி நிக்கக்கூடாது,” என்றாள். நொச்சிக் கொத்துகளைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு பற்றியது. மூன்று மாடியிலும் படிக்கட்டு முழுக்க வேப்பிலை ஆவி நிறைந்தது, கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்ற மீன்காரி, யாருக்கு என்ன சுகமில்லை என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் படியேறி வந்தாள்.

எமரன்சியா மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். மிஷின் கக்கியிருந்த ஆங்கில வரிகளை, சிஸ்டர் பெர்ட்டில்லா அடிக்கோலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் நகர்த்திப் படிக்கச் சொன்னதைப் போல, ஒரு சொல்லையும் தாண்டாமல் படித்தாள். மேலிருந்து நாலாவது வரியிலிருந்து கெர்னல் என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. முன்பு ஐந்தோ ஆறோ என்று ஒரு நம்பர் இருந்த இடத்தில் இப்போது வேறு நம்பர் இருந்தது.

“கெர்னல்னா என்ன எமரன்ஸு?” என்றாள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த சண்முகக்கனி.

“பருப்பு.”

“என்னது?”

“கொட்டைக்குள்ள இருக்க பருப்புக்கா. இவர் சரின்னு சொன்னதுல பருப்பு மாறிப்போச்சு. பழைய பருப்புல வச்ச சாம்பார் புதுப் பருப்போட சேரல. அவ்வளவுதான்.” அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “பருப்பு மாறினா என்ன செய்யணும்? மறுபடி வைக்கணும்.”

சூடோ போட்டாள். புதுப் பருப்புக்கான சாமான்களை இறக்கு என்றாள். லூப்பேக்கை முதலிலிருந்து கட்டு என்றாள். மிஷின் வரி வரியாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தது. பத்து சதவீதம். இருபது. இரண்டாவது மாடித் தண்ணீர் ஆறுகிறது என்று ஒருத்தி கத்தினாள். மாற்று என்று பத்துப் பேர் கத்தினார்கள். நாற்பது. ஃபாதர் இன்னாசி எங்கிருந்தோ வந்து ஜெபமாலையை எடுத்தார். “சத்தமில்லாம சொல்லுங்க ஃபாதர், இது எண்ணிக்கிட்டிருக்கு,” என்றாள் எமரன்சியா. எழுபது. தொண்ணூறு. பிறகு ஒன்றும் சொல்லாமல் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டு நின்றது. மிஷின் ஒன்றும் சொல்லாமல் நின்றால் நல்ல சேதி என்பதை இந்த இரண்டு மாசத்தில் அவள் படித்திருந்தாள்.

வீடியோ பத்து. அடுப்படி. கருப்புக் கட்டம் திறந்தது.

“மாப்பிள்ளை, லேப்டாப்ப நிமித்திப் பிடிங்க. முகத்தத் திருப்புனது போதும், கை கோணுது. அவிலா, தலையக் குனி.”

தாங்குகிற சூட்டுக்கு விளாவிய முதல் செம்பு போனது. கட்டத்துக்குள் மஞ்சளும் பச்சையுமாகச் சுழித்து, கடலையும் மலையையும் விசா ஆபீஸையும் தாண்டி, அந்த ஊரின் பனிக்கு நடுவில் ஒரு சின்னக் குளியலறையில், அவிலாவின் உச்சியில் இறங்கியது. அவள் தோள் ஒரு தடவை குலுங்கியது. “சூடு,” என்றாள். “சூடாத்தான் இருக்கும், இரு,” என்றாள் எமரன்சியா. இரண்டாவது செம்பு கழுத்துக்கு, மூன்றாவது முதுகுத்தண்டுக்கு, நாலாவது இடுப்புக்கு. படிக்கட்டு நெடுக ஆட்கள் நின்று பானை கைமாறி வந்தது; வைதேகி வீட்டுப் பானை, சண்முகக்கனி வீட்டுப் பானை, வெள்ளைச்சாமி சார் டார்ச்சை வைத்துவிட்டுத் தானே தூக்கிவந்த பானை. ஒவ்வொரு செம்புக்கும் அவிலாவின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது, முகத்தில் ரத்தம் வந்தது, கடைசியில் அவள் தண்ணீருக்குள்ளேயே சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டாள். அழுகையென்றாலும் அது ஊற்றுகிற சாமான்தான் என்று எமரன்சியா நினைத்துக்கொண்டு, தன் கண்ணிலிருந்து இறங்கியதையும் துடைக்காமல் செம்போடு சேர்த்து அனுப்பினாள்.

பதினோரு பானை. போதும் என்று மீன்காரி சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

அவிலா துவட்டிக்கொண்டு போர்வைக்குள் புகுந்ததும், டெனிஸ் லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிவந்தான். பிள்ளைக்கும் ஒரு செம்பு உண்டு. இளஞ்சூடாகத் தனியாக விளாவி வைத்திருந்தது. துணியை அவிழ்த்து, இரண்டு கையிலும் ஏந்தி, அம்மம்மா பார்க்கட்டும் என்று திரைக்கு நேரே காட்டினான்.

“அய்யோ, என் ராசாவே,” என்று எமரன்சியா திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனாள். மூக்கு கஸ்பாருடையது, நெற்றி தன்னுடையது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை அவளைப் பார்த்தான். கை காலை ஒரு தடவை உதறினான். பிறகு, ஆபீஸ் லேப்டாப், அதில் கேமரா உண்டாக்க உரிமை கிடையாது என்பதெல்லாம் அவனிடம் யாரும் சொல்லாததால், எந்தச் சூடோவும் போடாமல், எவரிடமும் அனுமதி கேட்காமல், ஒரு நீண்ட, நேரான, மின்னுகிற வளைவாக மூத்திரம் பெய்தான்; அது பனி ஊரில் கிளம்பித் தூத்துக்குடியில் வந்து, எமரன்சியா மச்சாதுவின் மூக்குக்கண்ணாடியிலும் கன்னத்திலும் துலக்கி வைத்த பித்தளைச் செம்பிலும் வெதுவெதுப்பாக இறங்கியது.

முதலில் சண்முகக்கனி சிரித்தாள், மீன்காரி சிரித்தாள், ஃபாதர் இன்னாசி ஜெபமாலையோடு சிரித்தார், படிக்கட்டு மூன்று மாடியும் சிரித்தது. வெள்ளைச்சாமி சார் எழுந்து நின்று, “திரவம்தான். அனுமதிக்கலாம்,” என்றார்.

கஸ்பார் துண்டை நீட்டினார். எமரன்சியா வாங்கவில்லை. கண்ணாடி வழியாகச் சொட்டுகிறதைச் சொட்டவிட்டு, ஈரக் கையாலேயே சமையல் நோட்டை இழுத்து, ‘உப்பு குறைக்கவும்’ என்று எழுதியிருந்ததற்குக் கீழே, சிஸ்டர் பெர்ட்டில்லா பார்த்தால் நூற்றுக்கு நூறு போடுகிற எழுத்தில் எழுதினாள்:

‘வீடியோ பத்து. இரண்டு பக்கமும் வருகிறது.’